எட்மன்டனில் இன்றிரவு அரோரா தெரியுமா?

2024 மே 10, வெள்ளிக்கிழமை. கனடாவின் எட்மன்டன் நகரில் காலை 11 மணி தாண்டி ஐந்து நிமிடம். அந்த நேரத்தில் உலகெங்கும் இருக்கும் காந்தமானிகளின் கோடுகள் ஒன்றாகத் துள்ளின. இரண்டு நாள் முன்பு சூரியனை விட்டுப் புறப்பட்ட பிளாஸ்மா மேகங்கள் பூமியை வந்து மோதியிருந்தன. 3664 என்று எண்ணிடப்பட்ட ஒரு பெரிய கரும்புள்ளிக் கூட்டம் மே 8 முதல் அடுத்தடுத்து வெடித்து வீசியவை அவை. அன்று மாலை 4.54-க்கு அமெரிக்காவின் விண்வெளி வானிலை முன்கணிப்பு மையம் காந்தப் புயலின் அளவு ஜி-5 ஆகிவிட்டது என்று அறிவித்தது. அதற்கு மேல் அந்த அளவுகோலில் படியே கிடையாது. 2003 அக்டோபருக்குப் பிறகு அப்படியொரு புயல் வந்ததில்லை. ஆனால் மே மாதத்தில் எட்மன்டனில் சூரியன் மறைய இரவு 9 மணிக்கு மேல் ஆகும். புயல் முற்றிக்கொண்டிருந்தபோது அந்த ஊரில் நல்ல வெயில்.

அன்று அது ஒரு பொருட்டாகவில்லை. இருட்டிய பிறகும் புயல் நீடித்தது. ஃபுளோரிடாவிலும் மெக்சிகோவிலும் அரோரா எனும் துருவ ஒளியால் வானம் சிவந்தது. லடாக்கின் ஹான்லேயில் உள்ள இந்திய வானியல் ஆய்வகத்தின் கேமராவில்கூட அந்தச் சிவப்பு பதிவானது. அப்படிப்பட்ட இரவுக்கு முன்கணிப்பே வேண்டாம். வாசலுக்கு வந்து தலையைத் தூக்கினால் போதும்.

எனக்கு அக்கறை மற்ற இரவுகளைப் பற்றி. வேலை முடிந்து வீடு திரும்பி, மறுநாள் காலை அலுவலகமும் இருக்க, நகரத்துக்குள் வசிக்கும் ஒருவர் ‘இன்றிரவு அரோரா தெரியுமா?’ என்று கேட்கும் சாதாரண இரவுகள். இந்தக் கேள்விக்கு செல்பேசி செயலிகள் ஓர் எண்ணைப் பதிலாகத் தருகின்றன. அந்த எண்ணை நம்பி ஏமாந்து திரும்புகிறவர்கள் ஏராளம். அதைவிட வருத்தம், அந்த எண்ணைப் பார்த்து ‘இன்று ஒன்றுமில்லை’ என்று தூங்கிவிட்டு, மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த படத்தைப் பார்ப்பவர்களும் உண்டு. எண்ணில் தவறில்லை. நகரத்துக்காரருக்கு வேண்டியது அந்த எண்ணில் இல்லை.

எட்மன்டனை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் வாழும் நகரம் அது. ஆல்பர்ட்டா மாகாணத்தின் தலைநகரம். இங்கிலாந்தின் மான்செஸ்டரும் எட்மன்டனும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 53.5 பாகையில் இருக்கின்றன. மான்செஸ்டர்வாசிக்கு அரோரா என்பது எப்போதாவது வாய்க்கும் வரம். எட்மன்டன்வாசிக்கு அது ஆண்டில் பல இரவுகளில் வந்து போகும் விருந்தாளி. அரோராவுக்குப் பூமியின் சுழல் அச்சு முக்கியமில்லை, காந்த அச்சுதான் முக்கியம். அந்தக் காந்த அச்சு வட அமெரிக்காவின் பக்கம் சாய்ந்திருக்கிறது. காந்த அட்சரேகையில் கணக்கிட்டால் எட்மன்டன் 60 பாகைக்கு மேலே போய்விடும். அரோரா எரியும் வளையம் காந்தத் துருவத்தைச் சுற்றி எப்போதும் இருக்கிறது. அதன் தெற்கு விளிம்பு அமைதியான இரவுகளில் எட்மன்டனுக்கு வடக்கே சில நூறு கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும். சற்றே கிளறினால் நகரத்தின் தலைக்கு மேல் வந்துவிடும்.

கிளறுவது எது? சூரியன் ஓயாமல் வெளியே ஊதிக்கொண்டிருக்கும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டத்தைச் சூரியக் காற்று என்கிறோம். அது தன்னோடு ஒரு காந்தப்புலத்தையும் இழுத்து வருகிறது. அந்தப் புலம் வடக்கு நோக்கி இருந்தால் பூமியின் காந்தக் கோளத்தை உரசிக்கொண்டு பெரும்பாலும் விலகிப் போய்விடும். தெற்கு நோக்கி இருந்தால் கதை வேறு. பூமியின் புலமும் வந்த புலமும் எதிரெதிராக நிற்க, கோடுகள் அறுந்து ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும். பூமியின் பகல் பக்கத்தில் இப்படி இணைந்த கோடுகளைச் சூரியக் காற்று பின்னுக்கு இழுத்துச் சென்று, இரவுப் பக்கத்தில் நீண்டிருக்கும் காந்த வாலில் சேர்க்கிறது. 1961-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் டஞ்சி இந்தச் சுற்றை முன்வைத்தார். இன்று வரை அரோராவைப் புரிந்துகொள்ள நாம் நடக்கும் பாதை அதுதான்.

வால் நிறைந்துகொண்டே போகும்; என்றென்றைக்கும் நிறைய முடியாது. ஒரு கட்டத்தில் உண்டிவில்லின் ரப்பரை இழுத்து விட்டதுபோல, வாலில் நீண்டிருந்த கோடுகள் அறுந்து, மறுபடி இணைந்து, பூமியை நோக்கிச் சுண்டித் தெறிக்கும். அங்கே வேகம் பெற்ற எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளின் வழியே இறங்கி, தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேலேயுள்ள காற்றில் மோதும். மோதப்பட்ட ஆக்சிஜன் அணு தன் ஆற்றலைப் பச்சை ஒளியாக விட ஏறத்தாழ முக்கால் நொடி எடுத்துக்கொள்ளும். அதே அணு சிவப்பு ஒளியை விடவேண்டுமானால் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் யாராலும் இடிபடாமல் காத்திருக்க வேண்டும். காற்று மிக மெலிந்த 200 கிலோமீட்டருக்கு மேல்தான் அது கைகூடும். திரைச்சீலையின் அடி பச்சையாகவும் உச்சி சிவப்பாகவும் இருப்பது இதனால்தான். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது அடியோரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு, நைட்ரஜனின் வேலை.

இந்தத் தெறிப்புக்குத் துணைப்புயல் என்று பெயர். அலாஸ்காவில் பணியாற்றிய ஜப்பானிய விஞ்ஞானி ஷுன்-இச்சி அகாசோஃபு, பல இடங்களில் எடுத்த முழுவானப் படங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, 1964-இல் அதன் ஒழுங்கை எழுதினார். முதலில் அமைதியான ஒரு வில் வடக்கே கிழக்கு மேற்காகத் தொங்கும். மெல்லத் தெற்கே நகரும். திடீரென்று ஓரிடத்தில் பிரகாசமாகி, சில நிமிடங்களில் வெடித்து, வானத்தின் பாதியை அள்ளிக்கொள்ளும். பிறகு அடங்கி, சிதறிய ஒளித்திட்டுகளாகி, துடித்துத் துடித்து மறையும். முதல் பகுதி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேலும் இழுக்கலாம். வெடிப்பின் சிறந்த பகுதி பத்து நிமிடம் நீடித்தாலே பெரிது. நகரத்தில் இருப்பவர் இந்தப் பத்து நிமிடத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி முன்கணிப்புக்கு வருவோம். சூரியனில் வெடிப்பு நடந்தால் எட்டு நிமிடத்தில் நமக்குத் தெரிந்துவிடும். சூரியனின் வட்டை மறைத்து அதன் சுற்றுப்புறத்தை மட்டும் படமெடுக்கும் கருவிகள், 1995-இல் ஏவப்பட்ட சோஹோ விண்கலத்திலிருந்து இன்று வரை, வீசப்பட்ட மேகத்தின் வேகத்தையும் அகலத்தையும் காட்டுகின்றன. 15 கோடி கிலோமீட்டரைக் கடக்க அதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் ஆகும். கணினி மாதிரிகள் வந்து சேரும் நேரத்தைச் சொல்கின்றன. ஆனால் அது பத்து மணி நேரம் முன்பின் ஆவது சகஜம். ஒரு மின்வாரியத்துக்கு அந்தப் பிழை பரவாயில்லை. அரோரா பார்க்க நிற்பவருக்குப் பத்து மணி நேரம் என்பது நள்ளிரவுக்கும் காலைப் பலகாரத்துக்கும் உள்ள தூரம்.

அதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. மேகம் எப்போது புறப்பட்டது, எவ்வளவு வேகம், நம்மை நோக்கி வருகிறதா என்பதெல்லாம் தொலைவிலிருந்தே கண்டுகொள்ளலாம். அதற்குள் முறுக்கிக் கிடக்கும் காந்தப்புலம் வடக்கு பார்க்கிறதா, தெற்கு பார்க்கிறதா என்பதைத் தொலைவிலிருந்து நம்பகமாக அளக்கும் வழி இன்னும் கைவரவில்லை. அதை அளக்கவேண்டுமானால் கருவி அந்த ஓட்டத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். அப்படி நிற்கும் காவல் கலங்கள் பூமியிலிருந்து சூரியன் திசையில் 15 லட்சம் கிலோமீட்டரில், எல்-1 என்ற புள்ளியைச் சுற்றி இருக்கின்றன. 1997-இல் போன ஏஸ், 2015-இல் போன டிஸ்கவர், இந்தியா 2023 செப்டம்பர் 2-இல் ஏவிய ஆதித்யா எல்-1 எல்லாம் அங்கேதான். ஆதித்யாவிலும் சூரியக் காற்றின் துகள்களை எண்ணும் கருவிகளும் ஒரு காந்தமானியும் இருக்கின்றன. கலத்தைத் தாண்டிய காற்று நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் நம்மை எட்ட ஒரு மணி நேரம். 800 என்றால் அரை மணி நேரம். உறுதியான செய்தி நமக்குக் கிடைக்கும் அவகாசம் இவ்வளவுதான்.

வாரக் கணக்கில் முன்கூட்டிச் சொல்லும் இன்னொரு முறையும் உண்டு. கரோனா துளை எனப்படும் இடங்களிலிருந்து சூரியக் காற்று வேகமாக வெளியேறும். பூமியிலிருந்து பார்க்கையில் சூரியன் ஒருமுறை சுழன்றுவர ஏறத்தாழ 27 நாள். அதனால் போன முறை நம்மைத் தாக்கிய துளை 27 நாளில் மறுபடி நம் பக்கம் திரும்பும். பஞ்சாங்கத்தில் குறித்துவைத்துக்கொள்ளத் தோன்றும் அளவுக்கு இது ஒழுங்கானது. ஆனால் அதற்குள் துளை சுருங்கலாம், நகரலாம். 2023 ஜூலையில் இதுதான் நடந்தது. அலாஸ்காவிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தின் நீண்டகால முன்கணிப்பை எடுத்துக்கொண்டு, ஜூலை 13 அன்று அமெரிக்காவின் 17 மாநிலங்களில் அரோரா தெரியும் என்று செய்தித்தாள்கள் எழுதின. தேதி நெருங்க நெருங்கக் கணிப்பு இறக்கப்பட்டது. இறக்கப்பட்ட செய்தி அதே வேகத்தில் பரவவில்லை. மக்கள் வெறும் வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த விஞ்ஞானிகளைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. 27 நாள் கணிப்பு ஒரு வாய்ப்பைத்தான் சொல்கிறது. அதை வாக்குறுதியாக மாற்றியது தலைப்புச் செய்தி.

செயலிகள் காட்டும் எண்ணுக்கு வருகிறேன். அதன் பெயர் கேபி. ஜெர்மன் விஞ்ஞானி யூலியஸ் பார்ட்டல்ஸ் வகுத்தது. பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதை 0 முதல் 9 வரை சொல்வது. உலகெங்கும் உள்ள 13 காந்த நிலையங்களின் அளவுகளிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. அந்தப் பதின்மூன்றில் ஒன்று எட்மன்டனுக்கு வடக்கே, 1916 முதல் இயங்கிவரும் மீனூக் நிலையம். ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி அளவுகோல் உண்டு. ஜெர்மனியின் நீமெக்கில் காந்தப்புலம் 500 நானோடெஸ்லா கலங்கினால் 9 என்று பதிவாகும். அரோரா வளையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் மீனூக்கில் 9 வர 1500 நானோடெஸ்லா வேண்டும். இப்படி எல்லாவற்றையும் ஒரே தராசில் ஏற்றி, சராசரி எடுத்து, உலகத்துக்கு ஒரே எண்.

உலகத்தின் நிலையைச் சொல்ல அது அருமையான எண். அதனால்தான் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்து நிற்கிறது. ஆனால் கவனித்தீர்களா? அது மூன்று மணி நேரத்தின் கணக்கு. நமக்கு வேண்டியதோ பத்து நிமிடம். அது உலகத்தின் கணக்கு. நமக்கு வேண்டியது நம் தலைக்கு மேல். மூன்று மணி நேரத்தில் ஒரே ஒரு துணைப்புயல் வெடித்து அடங்கியிருந்தால் கேபி 3 என்று மட்டும் காட்டலாம். அந்த 3-ஐப் பார்த்துவிட்டுத்தான் பலர் தூங்கப் போகிறார்கள். எட்மன்டனுக்குக் கேபி 3 என்பதே வளையத்தின் விளிம்பு ஊரைத் தொடும் அளவு. மறுபக்கம், கேபி 5 என்று காட்டும்போது வெடிப்பு ஐரோப்பாவின் இரவில் நடந்து முடிந்திருக்கலாம்; எட்மன்டனில் அது பிற்பகலாக இருந்திருக்கும்.

கிராமத்து இருட்டில் இந்தக் குறை அவ்வளவு உறைக்காது. அமைதியான வில்லும் அங்கே தெரியும், துடிக்கும் திட்டுகளும் தெரியும். இரவு முழுக்கப் பார்க்க ஏதாவது இருக்கும். நகரத்தில் அப்படியில்லை. அரோராவின் பிரகாசத்தை ஆய்வாளர்கள் நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் படி, பால்வீதி அளவு வெளிச்சம். இரண்டாவது, நிலவொளி பட்ட மெல்லிய கீற்று மேகம். மூன்றாவது, நிலவொளி பட்ட திரண்ட மேகம். நான்காவது படியில் தரையே முழுநிலவு காய்வதுபோல ஒளி பெறும். படிக்குப் படி பத்து மடங்கு. எட்மன்டனின் நடுநகரில் நின்றால் பால்வீதி தெரியாது. எனவே முதல் படி அரோரா அங்கே வானத்தில் இருந்தும் இல்லாததுதான். இரண்டாவது படி, எங்கே பார்க்கவேண்டும் என்று தெரிந்தவருக்கு மட்டும். மூன்றாவது படிக்கு ஏறினால்தான் தெருவிளக்கின் கீழ் நடந்துபோகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். அந்த மூன்றாவது படி பெரும்பாலும் துணைப்புயல் வெடிக்கும் சில நிமிடங்களில்தான் வரும்.

ஆக, நகரத்துக்காரருக்கு அரோரா என்பது நிமிடங்களின் விஷயம். ‘எந்த நாள்’ என்பதைவிட ‘எந்த நிமிடம்’ என்பதே அவருடைய கேள்வி. நாள் கணக்கில் சொல்லும் முன்கணிப்பு அவருக்குச் செய்யக்கூடிய உதவி ஒன்றுதான்: இன்றிரவு விழித்திருக்கலாமா என்று முடிவெடுக்க விடுகிறது. அதற்கு மேல் அவர் பார்க்கவேண்டியவை வேறு.

முதலாவது, எல்-1 கலத்திலிருந்து வரும் காந்தப்புலத்தின் வடக்கு தெற்குக் கூறு. பி-இசட் என்று செயலிகளில் இருக்கும். சுழிக்குக் கீழே போனால் தெற்கு. மைனஸ் 5 நானோடெஸ்லாவில் ஒரு மணி நேரம் நிலைத்து நின்றால் வால் நிறைகிறது என்று பொருள். மைனஸ் 10-க்குக் கீழே நின்றால் எட்மன்டனில் மேல்சட்டையைத் தேட ஆரம்பிக்கலாம். ஐந்து நிமிடம் கீழே போய் மறுபடி மேலே ஏறினால் பெரிதாக ஒன்றும் சேராது. காற்றின் வேகத்தைவிட இந்த நிலைப்பு முக்கியம் என்பது என் எண்ணம். பலர் வேகத்தைப் பார்த்து மயங்குகிறார்கள்.

இரண்டாவது, தரையிலுள்ள காந்தமானி. நகரத்தில் இருப்பவர்கள் இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டிய கருவி இதுதான் என்று அழுத்திச் சொல்வேன். ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையினர் எட்மன்டன்வாசிகளுக்காக அரோராவாட்ச் என்ற எச்சரிக்கைச் சேவையை உருவாக்கியபோது அதைத்தான் அடித்தளமாக வைத்தார்கள். நகரத்துக்கு அருகே ஒரு காந்தமானி அளக்க, அதன் கலக்கத்திலிருந்து ‘இப்போது எட்மன்டனில் அரோரா தெரியும் வாய்ப்பு எவ்வளவு’ என்று கணக்கிடுகிறார்கள். 50 சதவீதத்தைத் தாண்டினால் மஞ்சள், 70-ஐத் தாண்டினால் சிவப்பு. இங்கே உலகச் சராசரி கிடையாது, மூன்று மணி நேரக் காத்திருப்பும் கிடையாது.

அந்தக் கோட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். எட்மன்டன் பகுதியில் பூமியின் புலம் 55,000 நானோடெஸ்லாவுக்கு மேல். அமைதியான இரவில் கோடு ஏறக்குறைய நேராகப் போய்க்கொண்டிருக்கும். ஐந்து பத்து நானோடெஸ்லா நெளிவு மட்டும். பி-இசட் தெற்கே திரும்பிய முக்கால் மணியில் கோடு மெல்லச் சரியத் தொடங்கும். 30, 50 என்று. வடக்கே வில் தோன்றிவிட்டது என்பதற்கு அது அடையாளம். பிறகு திடீரென்று, ஐந்து நிமிடத்துக்குள், கோடு 300, 400 நானோடெஸ்லா செங்குத்தாக விழும். அரோரா எரியும் அதே உயரத்தில், கிட்டத்தட்ட 110 கிலோமீட்டரில், மேற்கு நோக்கிப் பாயும் பெரும் மின்னோட்டம் தரையிலுள்ள ஊசியை இழுப்பதால் வரும் சரிவு அது. மேகத்துக்கு மேலே நடப்பதை மேகத்துக்குக் கீழே இருந்துகொண்டு பார்க்கும் வழி என்றும் இதைச் சொல்லலாம். கோடு விழும்போது நீங்கள் ஏற்கெனவே வெளியே நின்றிருக்க வேண்டும். மெல்லச் சரியும்போதே கிளம்பியவருக்குத்தான் வெடிப்பு கிடைக்கும்.

வெளியே என்றால் எங்கே? அரோராவின் அடி விளிம்பு 100 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 500 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் வில்லை எட்மன்டனிலிருந்து பார்த்தால், பூமியின் வளைவையும் கழித்துக்கொண்டு, அடிவானத்திலிருந்து 9 பாகை உயரத்தில் நிற்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் வானத்தில் மறைக்கும் அளவு ஏறத்தாழ 10 பாகை. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 150 மீட்டரில் ஒரு பத்து மாடிக் கட்டடம் இருந்தால் போதும், அந்தத் திசையில் வில்லின் அடி விளிம்பு அதன் பின்னால் போய்விடும். நகரத்தில் இருட்டைத் தேடும் அளவுக்கு வடக்கு அடிவானத்தையும் தேட வேண்டும். தெற்குப் பக்கம், மில் வுட்ஸ் போன்ற பகுதிகளில் வசிப்பவர்களுக்கு மொத்த நகரத்தின் வெளிச்சமும் குறுக்கே நிற்கிறது. அவர்கள் ஊருக்கு வெளியே தெற்கே போனால் பயன் குறைவு. நகரத்தைக் கடந்து வடக்கு எல்லைக்கோ கிழக்கே எல்க் தீவு தேசியப் பூங்காவுக்கோ போவது மேல். அந்தப் பூங்காவை உள்ளடக்கிய பீவர் ஹில்ஸ் பகுதி 2006-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நகரத்திலிருந்து முக்கால் மணி நேரக் கார்ப் பயணம்.

எல்லோராலும் போக முடியாது. ஆற்றங்கரைப் பூங்கா, பள்ளி மைதானம், வடக்கு பார்த்த மாடி முகப்பு எதுவானாலும் சரி, நேரடியாகக் கண்ணில் படும் விளக்கை மறைத்துக்கொண்டு நின்றால் பாதி வேலை முடிந்தது. கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். செல்பேசித் திரையை ஒருமுறை முழு வெளிச்சத்தில் பார்த்தால் அந்தப் பழக்கம் போய்விடும். மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் கண் அணுக்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. முக்கியமாகச் சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறைய எட்டாத நிறம். எனவே படங்களில் பச்சையும் சிவப்புமாய்க் கொழிக்கும் அரோரா, நேரில் முதலில் சாம்பல் நிறக் கீற்றாகத்தான் தெரியும். அதை மேகம் என்று நினைத்துத் திரும்பிப் போகிறவர்கள் பலர். நகரத்தில் பிரித்தறிவது ஒருவகையில் சுலபம். தாழ்ந்த மேகம் கீழிருந்து ஊர் விளக்கு பட்டு மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ வெளுத்திருக்கும். அரோரா அந்த நிறத்தை வாங்காது, அதன் ஊடே நட்சத்திரமும் தெரியும். சந்தேகம் தீரவில்லை என்றால் செல்பேசியை ஒரு கம்பியில் சாய்த்து, இரவுப் பயன்முறையில் மூன்று நொடி படமெடுங்கள். கீற்று பச்சையாக வந்தால் வில் வந்துவிட்டது. இதை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். கேமரா காட்டும் பச்சை அங்கே உண்மையாகவே இருக்கிறது, 557.7 நானோமீட்டர் அலைநீளத்தில், நம் கண்ணுக்கு நிறம் தட்டும் அளவுக்குக் கீழே. வெடிப்பு வரும்போது கண்ணே பச்சையைப் பார்க்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை வாய்ப்பு அதிகம். மாதங்களில் மார்ச்சும் செப்டம்பரும் நல்லவை. சம இரவு நாட்களை ஒட்டிப் பூமியின் காந்த அச்சும் சூரியக் காற்றின் புலமும் வாகாக அமைவதால் தெற்குக் கூறு எளிதில் கிடைக்கிறது. ஜூனில் எட்மன்டன் வானம் நள்ளிரவிலும் முழுதாக இருட்டுவதில்லை. டிசம்பர், ஜனவரியில் இருட்டுக்குப் பஞ்சமில்லை, ஆனால் மைனஸ் 25 பாகைக் குளிரில் செல்பேசியின் மின்கலம் உங்களுக்கு முன்பே சோர்ந்துவிடும், சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் வடக்கையே பார்ப்பதால் தவறவிடும் ஒன்றும் உண்டு. புயல் வலுக்கும்போது வளையம் எட்மன்டனைத் தாண்டித் தெற்கே இறங்கிவிடும். அப்போது ஆட்டம் உங்கள் முதுகுக்குப் பின்னால் நடக்கும். அதற்கும் தெற்கே, கிழக்கு மேற்காக வானத்தைக் கிழித்ததுபோல ஊதா வெள்ளையில் ஒரு மெல்லிய நாடா சில இரவுகளில் தோன்றும். ஆல்பர்ட்டாவின் அரோரா ஆர்வலர்கள் அதைப் படமெடுத்து, விஞ்ஞானிகளிடம் காட்டி, ‘இது என்ன?’ என்று கேட்டார்கள். அது புரோட்டான்கள் மோதி எழும் ‘புரோட்டான் வில்’ என்று ஆர்வலர்கள் நினைத்திருந்தார்கள். கால்கரி பல்கலைக்கழகத்தின் எரிக் டோனோவன் அது புரோட்டான் வில்லாக இருக்க முடியாது என்றார். பெயர் தெரியாத பொருளுக்கு ஸ்டீவ் என்று ஆர்வலர்களே வேடிக்கையாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஸ்வார்ம் செயற்கைக்கோள் ஒன்று அதன் ஊடே பறந்தபோது எடுத்த அளவுகள், 25 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு வாயு நாடா நொடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கே ஓடுவதைக் காட்டின. சுற்றியுள்ளதைவிட அது 3000 பாகை சூடு. நாசாவின் எலிசபெத் மெக்டொனால்ட் தலைமையில் 2018 மார்ச்சில் வெளியான ஆய்வுக் கட்டுரையில் அந்த ஆர்வலர்களில் சிலரும் இணை ஆசிரியர்கள். வேலை முடிந்து கேமராவோடு இரவில் வெளியே நின்றவர்கள் அறிவியலுக்குப் புதிய ஒரு பொருளைக் கொடுத்தார்கள் என்பது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஸ்டீவ், துணைப்புயல் வெடித்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து வருகிறது. முதல் ஆட்டம் முடிந்ததும் காரைக் கிளப்பியவர்கள் அதைப் பார்ப்பதில்லை.

அப்படியானால் வெடிப்பு அடங்கிய பிறகு எவ்வளவு நேரம் நிற்பது? நடுநகரில் நிற்பவருக்கு அடுத்து வரும் துடிக்கும் திட்டுகள் அனேகமாகத் தெரியாது; அவை இரண்டாம் படியைத் தாண்டுவது அரிது. எல்க் தீவில் நிற்பவர் அவற்றுக்காகவே அதிகாலை வரை இருக்கலாம். நகரத்தில் இருப்பவர் மறுபடி எல்-1 எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பி-இசட் இன்னும் தெற்கிலேயே நின்றால் வால் மீண்டும் நிறையத் தொடங்கிவிட்டது. இரண்டு மூன்று மணி நேரத்தில் அடுத்த துணைப்புயல் வரக்கூடும். வடக்கே திரும்பி அங்கேயே நிலைத்துவிட்டால், செயலியில் கேபி எண் இன்னும் 5 என்று சிவப்பில் காட்டிக்கொண்டிருந்தாலும் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.